சிரிப்பு விழுந்த மடிப்பு

ஜன்னலுக்கு மழை மறைப்பு செய்ய வீட்டில் இருப்பது ஒரே ஒரு தகடு. அதைச் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் வைத்து, மேலே பலகை போட்டு, தகடு நகராமலிருக்கப் பலகையின் மேல் கணவனை உட்கார வைத்திருக்கிறாள் தகர வேலை செய்பவள். "சிரிக்காதீங்க. பலகை ஆடினா மடிப்பு கோணலாயிடும்." மரச்சுத்தி டொக் டொக்கென்று இறங்குகிறது, தகட்டில் பட்ட சாயங்கால வெயில் ஒவ்வொரு அடிக்கும் கூரையில் துள்ளுகிறது. "குண்டு குண்டுன்னு கேலி பண்ணுவியே, இன்னைக்கு இந்த உடம்புதானே உதவுது?" என்று கேட்டவன், அடக்கமாட்டாமல் தானே குலுங்கிச் சிரிக்கிறான். மடிப்பின் நடுவில் ஒரு நெளிவு விழுந்துவிடுகிறது. அவன் முகம் சுண்டிப்போகிறது. நிமிர்த்துவதற்காகச் சுத்தியை ஓங்கியவள், கட்டைவிரலால் அந்த நெளிவைத் தடவிப் பார்த்துவிட்டுச் சுத்தியைக் கீழே வைக்கிறாள். "இருக்கட்டும். நீங்க சிரிச்ச இடம் இதுதான்னு தெரியட்டும்."