கழற்றிய எடை

கல்யாணம் முறிந்த மாதமே டெல்பினுக்கு முட்டி ஜவ்வும் கிழிந்தது. ஒரு வருடம் கழித்து அவள் ஜிம்முக்குள் நுழைந்தபோது, மாநிலப் பளுதூக்கும் போட்டியில் கடைசியாகத் தூக்கிய அதே எடை ராடில் மாட்டித் தரையில் தயாராகக் கிடந்தது. மாஸ்டர் இக்னேஷியஸ் ஆசை ஆசையாக மாட்டி வைத்திருந்தார். ஜிம்மே செய்துகொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

டெல்பின் ராடைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு உட்கார்ந்து ஒரு எடைப் பிளேட்டைக் கழற்றினாள். அதை மார்போடு அணைத்து, நிதானமாக நடந்துபோய்ச் சுவரோர ஸ்டாண்டில் மாட்டினாள். திரும்பி வந்து அடுத்ததைக் கழற்றினாள். உதவிக்கு எழுந்தவர்களைக் கையமர்த்தினாள்.

"என்ன புள்ள, பயந்துட்டியா?" என்றார் மாஸ்டர்.

"போட்டிக்கு இன்னும் எட்டு மாசம் கிடக்கே மாஸ்டர். என்ன அவசரம்?"

எல்லாப் பிளேட்டும் போன பிறகு, வெறும் ராடைத் தொடைவரை தூக்கி, சத்தமே வராமல் இறக்கினாள்.

மாஸ்டருக்கு மனசு ஆறவில்லை. "அப்போ இன்னிக்கு வெறும் ராடுதானா?"

டெல்பின் கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஸ்டாண்டில் மாட்டியிருந்த பிளேட்டுகளைக் காட்டினாள்.

"அதெல்லாம் தானா நடந்தா அங்க போச்சு?"