துண்டுக்குள் பிடித்த கை

மூன்றாவது ஆளும் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"கண்ணு போன வயசுல கிழவனுக்கு இன்னா பேராசைடா" என்று முணுமுணுத்தபடி ஒதுங்கி நின்றான். மாகறல் ஜட்காக்காரன் வேலாயுதம் அவன்.

ஓரமாக நின்ற பூவராகவனுக்கு அப்பாடா என்றிருந்தது. குதிரை இன்றைக்கும் போகவில்லை. ஆனால் இத்தனை பேருக்குப் படியாத விலை தனக்கா படியப்போகிறது?

காஞ்சிபுரம் ஸ்டேஷன் ஜட்கா ஸ்டாண்டில் ஒரு வாரமாக இதே பேச்சுத்தான். முனிரத்தினத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. இனி வண்டி ஓட்ட முடியாது. குதிரையையும் வண்டியையும் கைமாற்றியாக வேண்டும்.

குதிரை வியாபாரத்தில் விலையை வாய்விட்டுச் சொல்லுகிற வழக்கம் கிடையாது. விற்கிறவர் தன் கைமேல் துண்டைப் போட்டு மூடுவார். வாங்க வந்தவன் உள்ளே கைவிட்டு, விரலைப் பிடித்து விலை சொல்வான். ஒத்துவந்தால் துண்டை உதறித் தோளில் போடுவார். இல்லாவிட்டால், "வேற எடம் பாருப்பா." அவ்வளவுதான்.

மூன்று வயசுப் பெட்டைக் குதிரை. செம்பழுப்பு உடம்பு. நெற்றியில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு, அதனால் பேர் சரிகை. குட்டியிலேயே தாய் செத்துப்போய்விட்டது. முனிரத்தினமும் அவர் சம்சாரம் லோகாம்பாளும் சீசாவில் பால் புகட்டி வளர்த்தார்கள். ஒரு ஈர்க்குச்சிகூட அதன்மேல் பட்டதில்லை. "போலாமா கண்ணு" என்றால் போதும், காது இரண்டும் நிமிர்ந்துகொள்ளும், கிளம்பிவிடும்.

பூவராகவன் பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரன், நாற்பது வயசு. தறிக்குழியில் மிதித்து மிதித்து முழங்கால் வீங்கிவிட்டது. இனிமேல் குழியில் இறங்கினால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, வீடு திரும்ப ஏறியது முனிரத்தினத்தின் வண்டியில்தான். இறங்கினவன் தோளில் சரிகை மூக்கை வைத்து ஒரு மூச்சு விட்டது, பாருங்கள், அன்றோடு போயிற்று அவன் தூக்கம்.

தினம் சாயங்காலம் ஒரு பிடி அருகம்புல்லோடு வந்து நிற்பான். அது தின்று முடிக்கும்வரை கழுத்தைத் தடவிக்கொடுப்பான். கேட்க வாய் வராமல் நொண்டிக்கொண்டே திரும்பிப்போவான்.

நாளைக் காலை ஆரணியிலிருந்து ஒருத்தன் வருகிறானாம். என்ன விலையானாலும் ஓட்டிக்கொண்டுதான் போவேன் என்று சொல்லியனுப்பியிருக்கிறானாம். இன்றைக்கு விட்டால் இல்லை.

"நைனா, நானும் கை விட்டுப் பாக்கலாமா?"

ஒதுங்கி நின்ற வேலாயுதம் சிரித்தான். "பட்டு நூலு மாட்டிக்கப்போவுதுன்னு வழவழன்னு வச்சிக்கினு இருக்கிற கைப்பா அது. கடிவாளத்தப் புடிச்சா தோலே உரிஞ்சிடும்."

ஸ்டாண்டே சிரித்தது. முனிரத்தினம் சிரிக்கவில்லை. துண்டை விரித்தார்.

பூவராகவன் கையை உள்ளே விட்டான். தன்னால் முடிந்தது எவ்வளவோ அதை விரலில் சொன்னான். சொல்லும்போதே காதெல்லாம் சுட்டது. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தான். கிழவர் விடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்தபடியே இருந்தார்.

பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

"கூட்டிக்கினு போப்பா."

வேலாயுதத்துக்கு நம்ப முடியவில்லை. தறிக்குழியில் புதையல் எடுத்திருப்பான்போல என்று சொல்லிவிட்டுத் தன் வண்டியைப் பார்த்துப் போனான். மற்றவர்களும் கலைந்தார்கள்.

கயிறு கைக்கு வந்துவிட்டது. சரிகை அவன் சட்டைப்பையை முகர்ந்து புல் தேடியது. ஆனாலும் பூவராகவனுக்குக் கால் நகரவில்லை. கண் தெரியாதவரை ஏய்த்து வாங்கின மாதிரி நெஞ்சு உறுத்தியது.

"நைனா, நீங்க விரலைத் தப்பா எண்ணிட்டீங்க. நான் சொன்னது ரொம்பக் கம்மி."

"உன் விரலை யாருப்பா எண்ணுனது?" என்றார் முனிரத்தினம். "கட்டைவிரல் அடியில தடவிப் பாத்தேன். குதிரையச் சவுக்கால விளாசுறவனுக்கு அந்த எடம் காய்ச்சுப்போயிருக்கும். வந்த மூணு பேருக்கும் இருந்துச்சு. உனக்கு இல்ல."

"தொட்டாலே தெரிஞ்சிடுமா நைனா?"

கிழவர் துழாவி அவன் கையைப் பிடித்தார். அவன் விரலை எடுத்துத் தன் கட்டைவிரல் அடியில் வைத்து அழுத்தினார். கல்லு மாதிரி இருந்தது.

"இது சரிகையோட அம்மாவை அடிச்சே காய்ச்சது. அது செத்து மூணு வருசம் ஆவுது. இன்னும் கரையலப்பா."