ஈப்போ பந்தி, தைப்பிங் பந்தி

"என்ன சம்பந்தி, ரசத்தைக் குடிச்சிட்டு வாயத் தொறக்க மாட்டேங்கிறீங்க? உங்க ஈப்போவுல இப்படி ஒரு ரசம் கண்டதுண்டா?"

பந்தி நடுவில் நின்றுகொண்டு ராமையா கேட்டார். தைப்பிங் ரயில்வேயில் இருபது வருடம் கத்திக் கத்தி வேலை வாங்கிய குரல். அத்தாப்பு ஓலைக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தையும் மீறிக் கேட்டது.

பெண்ணைப் பெற்ற அப்பாவு இலையை விட்டு நிமிராமலே பதில் சொன்னார்.

"ரசம் கெடக்கட்டும். கூரையப் பாருங்க. மழை ஒழுகி என் இலையில தனியா ஒரு ரசம் ஓடுது. எங்க ஊர்ல குடை இல்லாமலே கல்யாணம் பண்ணலாம்!"

"மழை பெய்யிற ஊர்லதான் தண்ணிக்கு ருசி. உங்க ஊர்ல சுரங்கத்து ஈயம் கழுவுன தண்ணிதானே! நாட்டுக்கே மொத ரயிலு ஓடுனது எங்க ஊர்லலா!"

"ஓடட்டும். அந்த ரயிலு வந்து நிக்க அரமனை கணக்கா ஸ்டேசன் கட்டி வச்சிருக்கிறது எங்க ஊரு!"

பந்தியே சிரித்தது. அப்பாவுவுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. எல்லாம் அவர் வாயால் வந்த வினை.

பத்து நாளைக்கு முன்னால் ஈப்போவில் அவர் மகள் நல்லம்மாளுக்கும் ராமையாவின் மகன் அர்ச்சுனனுக்கும் கல்யாணம். சாப்பாடு என்றால் சாப்பாடு, அப்படி ஒரு சாப்பாடு. ராமையா பாயாசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "பரவால்ல. தைப்பிங்குக்கு மறுவீட்டு விருந்துக்கு வாங்க, அப்பத் தெரியும்" என்றார்.

பரவாயில்லையாம்! அப்பாவுவுக்கு எங்கிருந்துதான் அந்த ரோசம் வந்ததோ. "உங்க பந்தி எங்க பந்திய விட ஒசத்தியா இருந்தா, எம் மக தலைத் தீபாவளிய உங்க வீட்டுலயே கொண்டாடட்டும்!" என்று சபையில் சொல்லிவிட்டார்.

ராமையா லேசுப்பட்டவரா? கப்பென்று பிடித்துக்கொண்டார். "நீங்களே சாப்பிட்டு, பொண்ணு தலையில கை வச்சு, நீங்களே சொல்லணும். சம்மதமா?"

"சம்மதம்!"

அன்றிலிருந்து அப்பாவுவின் மனைவி இருளாயி அவரோடு பேசுவதில்லை. சோறு வரும், பேச்சு வராது. விருந்துக்குக் கிளம்பும்போதுதான் வாயைத் திறந்தாள். "நான் வரல. நீங்களே போய்த் தின்னு, நீங்களே தோத்துட்டு வாங்க. இருக்கிறது ஒத்தப் பொண்ணு. தலைத் தீபாவளிக்கு அதுவும் மாப்பிள்ளையும் வந்து எறங்காத வாசல்ல நான் என்னத்துக்குக் கோலம் போடுறது?"

அதனால் எப்படியாவது குற்றம் கண்டுபிடித்துவிடுவது என்றுதான் அப்பாவு இலையில் உட்கார்ந்தார். சாம்பாரில் தேடினார், வத்தக்குழம்பில் தேடினார், வாழைக்காய் வறுவலைக் கடித்துக் கடித்துப் பார்த்தார். குற்றமாவது ஒன்றாவது! தேங்காய்ப்பாலும் பாண்டான் இலை வாசமுமாகப் பாயாசம் வந்தபோது அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பாழாய்ப்போன பாயாசம், தேனாக இனித்தது.

பாயாசம் ஊற்றிய நல்லம்மாள் குனிந்து, "நெஞ்சுல உள்ளத அப்படியே சொல்லுங்கப்பா. பயப்படாதீங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"ம், சொல்லுங்க சம்பந்தி!" என்றார் ராமையா. "பொண்ணு தலையில கை வச்சு!"

பந்தி முழுவதும் சாப்பிடுவதை நிறுத்தியது. அப்பாவு கை கழுவிவிட்டு வந்து மகள் தலையில் கையை வைத்தார். தைப்பிங் பந்தி மட்டம் என்று பொய் சொன்னால் தலைத் தீபாவளி உறுதி. ஆனால் பெற்ற பிள்ளை தலையில் கை வைத்துப் பொய் சொல்ல எந்தத் தகப்பனுக்கு வாய் வரும்?

"சத்தியமாச் சொல்றேன். ரெண்டும் ஒண்ணு. ஒரு உப்புக்கல்லு கூடவும் இல்ல, குறைச்சலும் இல்ல."

"அதெப்படி ஒண்ணா இருக்கும்? மழுப்புறீங்க!" ராமையா குதித்தார். "கூப்பிடுங்கடா சமையக்கார அம்மாவ! எங்க ஊரு கைராசிய சபை பாக்கட்டும்!"

பின்கட்டிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓர் அம்மாள் வந்தாள். பார்த்ததும் அப்பாவு துள்ளிவிட்டார்.

"அட, நம்ம காளியம்மா! எங்க கல்யாணத்துக்குச் சமைச்ச அதே அம்மாலா! ஒசத்தி இல்ல, ஒண்ணுதான். அப்ப தலைத் தீபாவளி எங்க வீட்டுல! இது ஈப்போ கை சம்பந்தி, ஈப்போ கை!"

"யாரு சொன்னா? தைப்பிங் ஆளுன்னு சொல்லித்தான் எங்கிட்டக் கூட்டியாந்தாங்க. நீயே சொல்லும்மா!"

காளியம்மா இரண்டு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்.

"ரெண்டும் இல்லண்ணே. எனக்குச் சொந்த ஊரு தெலுக்கான்சன். தைப்பிங்குன்னு சொல்லச் சொன்னாங்கதான். அதுக்காகப் பொறந்த ஊர விட்டுக் குடுக்க முடியுமா?"

சிரிப்பில் பந்தல் அதிர்ந்தது. ராமையாவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே!

"சொல்லச் சொன்னது யாரு?" என்று உறுமினார்.

"ரெண்டு பந்திக்கும் ஒரே கை சமைச்சா யாரும் தோக்க முடியாதுன்னு எனக்கு ஆள் அனுப்புனது இவரு மக" என்ற காளியம்மா, சிரிப்பை அடக்கிக்கொண்டு ராமையாவைப் பார்த்தாள். "ரயிலடிக்கே வந்து கூட்டியாந்து, 'எங்கப்பா கேட்டா மட்டும் தைப்பிங்குன்னு சொல்லிடுங்கக்கா'ன்னு கெஞ்சினது உங்க மகன்."