பூச்சுக்குப் பின்னால்

கோட்டையூர் வீட்டின் இரண்டாங்கட்டில் முற்பகல் வெயில் சாய்ந்து விழ, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் கண்ணாடிபோல் மின்னுகிறது. புது ஃபேனுக்கு ஒயர் பதிக்க வந்த எலக்ட்ரீசியன் சேவுகன், சுவரில் ஒயருக்கு நீளப் பள்ளமாகக் காடி வெட்டும் மின்சார மெஷினைக் கீழேயே வைத்துவிட்டு, சுவரோடு காதை ஒட்டி, விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நகர்கிறான். உமையாள் ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. மாமியார் நகைகளைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அவன் கை போகும் இடமெல்லாம் அவள் கண்ணும் போகிறது. “வெட்டாம என்னப்பா தேடுறே?” அவன் ஓரிடத்தில் நின்று, அங்கே மட்டும் உளியால் மெல்லச் சுரண்டுகிறான். சுண்ணாம்புத் தூள் அவன் பாதத்தில் உதிர்கிறது. பள்ளத்துக்குள் செம்பொன் நிறத்தில் ஏதோ மினுங்குகிறது. “தள்ளிப் போ!” என்று ஆச்சி தானே கையை நீட்டுகிறாள். “தொட்டுறாதீக ஆச்சி!” சேவுகன் குறுக்கே பாய்ந்து மறிக்கிறான். டெஸ்டரை உள்ளே வைக்கிறான். அதன் சின்ன விளக்கு சிவப்பாக எரிகிறது. “பழைய செம்புக் கம்பி. மேல் ரப்பரெல்லாம் உளுத்துப்போச்சு, கரண்டு இன்னும் ஓடுது. பார்க்காம மெஷினை வச்சிருந்தா நான் போயிருப்பேன்.” ஆச்சி நேரே போய் மெயின் சுவிட்சை அணைக்கிறாள். அதன் கைப்பிடியை விடாமல் அங்கேயே நிற்கிறாள்.