வியாழக்கிழமை ஆறு கிலோமீட்டர்

வெள்ளியங்கிரியின் டீ-சர்ட் நனையவே இல்லை.

பழனியாத்தாள் அதை அழுக்குத்துணி வாளியிலிருந்து எடுத்து முதுகுப் பக்கம், அக்குள், கழுத்துப் பட்டை என்று ஒவ்வொரு இடமாகத் தடவிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். நேற்று துவைத்த சோப்பு வாசம் அப்படியே இருந்தது.

நீங்களே சொல்லுங்கள், ஓடி வந்த மனிதரின் சட்டையில் சோப்பு வாசமா அடிக்கும்?

ஞாயிற்றுக்கிழமை மாரத்தான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர். இன்றைக்கு வியாழன்.

மோட்டார் பம்ப் கம்பெனியில் முப்பத்தைந்து வருஷம் லேத் மிஷின் முன்னால் நின்றே கழித்த அவளுடைய வீட்டுக்காரர் வெள்ளியங்கிரி, ஓய்வு பெற்றதும் ஓடக் கிளம்பினார். முதல் வருஷம் பத்து கிலோமீட்டர். அடுத்த வருஷம் இருபத்தொன்று. இந்த வருஷம், அறுபத்தோரு வயதில், முழு ஓட்டம். அதற்காகப் பத்து மாதமாய் சிங்காநல்லூர் குளக்கரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மகள் கல்யாணத்துக்குக்கூட மனிதர் இப்படி நாள் எண்ணியதில்லை என்று பழனியாத்தாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

இந்த வாரம் சிரிக்கவில்லை.

போன மாதமெல்லாம் இருட்டோடு கிளம்பிப் போனால், சுட்டு வைத்த இட்லி ஆறிய பிறகுதான் வருவார். சட்டையைப் பிழிந்தால் அரைச் சொம்புத் தண்ணீர் இறங்கும். இந்தத் திங்கட்கிழமையிலிருந்து, ஃபில்டரில் டிக்காஷன் இறங்கி முடிவதற்குள் திரும்பிவிடுகிறார்.

கேட்டால் பதில் தயாராக இருந்தது. ஓட்டத்துக்கு முந்தின வாரம் தூரத்தைக் குறைக்க வேண்டுமாம். காலுக்கு ஓய்வு தர வேண்டுமாம். பயிற்சி கொடுக்கிற நவநீத் சொன்னாராம்.

பரீட்சை வாரத்தில் புத்தகத்தை மூடி வைக்கிற பிள்ளை எங்கே பாஸாகும் என்று அவள் கேட்டாள். உன்னை மாதிரி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் நான் எட்டாவதோடு நின்றிருக்க மாட்டேன் என்று அவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவள் நம்பவில்லை.

நெஞ்சில் ஏதோ கோளாறு இருக்கிறது. மறைக்கிறார்.

மறைக்கிறவர்கள் என்னென்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். முதலில் நடக்கிற தூரத்தைக் குறைப்பார்கள். அப்புறம் சோற்றைக் குறைப்பார்கள். மூச்சு வாங்கினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதையோ தேடுவதுபோல் நிற்பார்கள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே சிரிப்பார்கள்.

அவர் தூரத்தைக் குறைத்துவிட்டார். மூன்று நாளாய் இரண்டாவது தடவை சோறு கேட்கவில்லை. சிரிக்கவும் சிரிக்கிறார்.

இப்படியே விட்டால் ஞாயிற்றுக்கிழமை ஏதோ ஒரு ரோட்டில், யார் யாரோ தண்ணீர் தெளிக்க, அவர் விழுந்து கிடப்பதை அவள் டிவியில் பார்க்க வேண்டியிருக்கும்.

திங்களன்று சட்டைப் பைகளைத் துழாவினாள். செவ்வாயன்று தலையணைக்கடியில் பார்த்தாள். நேற்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்தபோது, மூக்குக்கு நேராகப் புறங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மூச்சு சீராகத்தான் வந்தது. மாத்திரை அட்டை எங்கும் இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டும் இல்லை.

இன்று ஷூ டப்பாவுக்குள் ஒரு தாள் கிடைத்தது.

நவநீத் எழுதிக் கொடுத்தது. திங்கள் பத்து. செவ்வாய் எட்டு. புதன் ஓய்வு. வியாழன் ஆறு.

குறைக்கச் சொன்னது நிஜம்தான். ஆனால் இருபது நிமிஷத்தில் ஆறு கிலோமீட்டர் போய் வர அவர் என்ன பஸ்ஸா? அதுகூடப் போகட்டும். ஓய்வு என்று எழுதியிருந்த புதன்கிழமையும் மனிதர் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினாரே, எங்கே?

பழனியாத்தாள் ஒரு கையில் சட்டையும் ஒரு கையில் தாளுமாக முன் அறைக்கு வந்தாள். அவர் பனியனோடு உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். இரண்டையும் அவர் மடியில் போட்டாள்.

“ஏனுங்க, நெசத்தச் சொல்லுங்க. தெனமும் எங்க போறீங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

எங்கேயும் போகவில்லை என்றார். எதிர்த்த வரிசை டீக்கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாராம். அங்கிருந்து பார்த்தால் இந்த மாடி வீட்டு வராந்தா நன்றாகத் தெரியுமாம்.

அவளுக்குப் புரியவில்லை. வராந்தாவில் பார்க்க என்ன இருக்கிறது?

“போன ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போயிட்டு வந்தப்ப, படியில மூணு எடத்துல நின்னே. கீரைக்காரம்மாகிட்ட ஊர் வம்பு பேசாம உனக்கு ஒரு நாளாவது விடிஞ்சிருக்குதா, அம்மணி? நாலு நாளா கீழயே எறங்கல. மேல நின்னுட்டுக் கயித்துல பைய உடறே. அரைக் கட்டுக் கீரை. அத மேல இழுக்கறதுக்குள்ள ரெண்டு தடவ செவுத்தப் புடிச்சுக்கறே.”

பழனியாத்தாள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். தாளில் ஞாயிறு என்று எழுதி, நவநீத் அதன் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“திங்கக்கெழம சொல்லிக்கலாம்னு இருந்தேனுங்க.”