சங்கு ஊதும்வரை பாடம்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் புதுக் கண்டாக்கு லக்ஸ்மன், பகல் சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு முகம் பார்த்திராத ஒரு டீச்சரிடம் போனில் ஆங்கிலம் படித்தார்.

"'ஓப்பன் த டோர்'. சரியா, டீச்சர்?"

"சரிங்க. எந்தக் கதவுன்னு ரெண்டு பேருக்கும் தெரியும். அதான் 'த' போடுறோம். ஏதோ ஒரு கதவுன்னா 'எ டோர்'."

பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் புரியாதது, பத்தே நாளில் புரிந்துவிட்டது. டீச்சர் கொழும்பில் பெரிய படிப்புப் படித்தவராகத்தான் இருப்பார் என்று வியந்துகொண்டார்.

தொழிற்சாலைச் சங்கு ஊதியது. போனுக்குள்ளும் அதே சங்கு.

"டீச்சர், எங்க இருக்கீங்க?"

"நம்ம எட்டாம் நம்பர் மலையிலதான், ஐயா. கொழுந்துக் கூடையை மாட்டிட்டேன். பிந்தி வந்தா வேலை இல்லைன்னு காலையில பெரட்டுல பேர் பதியும்போது நீங்கதானே சொன்னீங்க?"

நாற்காலியில் சாய்ந்தே பாடம் கேட்டவர், எழுந்து நின்றார்.