முப்பது எண்ணும் வரை

"கனமா இருக்கணும் அண்ணாச்சி. ஆனா பாத்தா தெரியக் கூடாது."

ஷீல்டு துடைத்துக்கொண்டிருந்த ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்த்தார். ராஜபாளையத்தில் இருபது வருஷமாக விளையாட்டுச் சாமான் கடை வைத்திருப்பவர். எதிரே, தோளில் கிட் பையோடு காளீஸ்வரி நின்றாள். அவர் வந்த சிரிப்பை மீசைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

"பேஸ்பால் பேட்டா? யாருக்குத் தாயி, ஒனக்கா?"

"எனக்கில்ல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல என் சித்தி மக மாரீஸ்வரி இருக்கா. வெள்ளிக்கிழம அவளுக்குப் பொறந்தநாளு."

"பொறந்தநாளுக்கு யாராவது கனமான பேட்டு கொடுப்பாங்களா?"

"ஞாயித்துக்கிழம செலக்‌ஷன்" என்றாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அவருக்குப் புரிந்துவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாவட்டப் பெண்கள் அணியில் மூன்றாவது பேஸில் நின்று ஆட ஓர் இடம்தான் காலி. மாநிலப் போட்டிக்குப் போய் வந்தால் சர்டிபிகேட் கிடைக்கும்; அதை வைத்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம். காளீஸ்வரி வீட்டில் ஏற்கெனவே மூன்று பேர் காக்கி போட்டவர்கள். நான்காவது ஆள் தான்தான் என்று பத்தாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தாள். அதே முடிவை மாரீஸ்வரியும் செய்திருந்ததுதான் தொல்லை.

"ஆளு எம்புட்டு உயரம்?"

"என் உயரம்தான். என் சட்டை அவளுக்குச் சேரும், அவ சட்டை எனக்குச் சேரும்."

ஆவுடையப்பன் உள்ளே போய் இரண்டு பேட்களை எடுத்துவந்தார். ஒன்றை அவள் பக்கத்தில் நிறுத்தினார். கைப்பிடி சரியாக அவள் மணிக்கட்டைத் தொட்டது.

"நீளம் சரி. ரெண்டும் முப்பத்திரண்டு இஞ்சு. ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு. இது எண்ணூத்தம்பது கிராம். அது ஒரு கிலோவுக்குக் கிட்ட."

வித்தியாசத்தைச் சொன்னது கைப்பிடியின் அடிக்குமிழில் ஒட்டியிருந்த வட்ட ஸ்டிக்கர் மட்டும்தான்.

"அந்த ஸ்டிக்கர உரிச்சிருங்க அண்ணாச்சி."

"உரிச்சிரலாம். ஆனா புதுப் பேட்ட ஞாயித்துக்கிழமையே எடுப்பாளா?"

"அவளா? செருப்பு வாங்குனா கடையிலருந்தே போட்டுட்டு வாரவ."

சொல்லும்போதே சிரித்துவிட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "கை கிய் வலிக்காதுல்ல?"

"வலிக்காது. பந்து போன பொறவு பேட்டு வரும். அம்புட்டுதான்."

காளீஸ்வரிக்குச் சுருக்கென்றது. இரண்டு மாதமாக அவளுக்கும் அதுதான் நடக்கிறது. "ஏட்டி, பந்து ரயில்வே ஸ்டேஷன் தாண்டிப் போயிருச்சு, நீ இப்பத்தான் வீசுற!" என்று கோச் பியூலா மைதானமே கேட்கக் கத்துகிறார். காலையில் இரண்டு முட்டை சாப்பிட்டுப் பார்த்தாள், தண்டால் எடுத்துப் பார்த்தாள். பலனில்லை. குளிக்கும்போது தன் கைகளை யாரோ ஒருத்தியின் கைகளைப் போலப் பார்க்கப் பழகியிருந்தாள். தன் கை மேல் இருந்த நம்பிக்கை போன பிறகுதான், அடுத்தவள் கையைப் பற்றிய யோசனை வந்தது. அது அவளுக்கே தெரிந்திருந்தது. தெரிந்ததால் வெட்கமும் இருந்தது.

"என்ன தாயி, பாவமா இருக்கா?"

"பொங்கலுக்கு அவ எனக்கு ஆச ஆசயா ஒண்ணு வாங்கித் தந்தா. அத நெனச்சாத்தான்..."

"மனசு ஒப்பலன்னா சொல்லு. லேசானதையே கட்டித் தாரேன்."

சுவரில் மாட்டியிருந்த கேரம் போர்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கடைசி போர்டுக்கு வந்ததும் சொன்னாள்: "கனமானதையே கட்டுங்க. பூப் போட்ட பேப்பர் இருந்தா நல்லாருக்கும்."

ஆவுடையப்பன் பேப்பரை எடுக்கவில்லை.

"அண்ணாச்சி, இந்தக் கனம் போதுமா? அவ தெம்பான ஆளு."

"சோதிச்சிருவோம். முதல்ல ஒன் பேட்ட எடு. ஒத்தக் கையில நேரா நீட்டிப் பிடி. முப்பது எண்ணு. கை ஆடலன்னா, அது ஒனக்கேத்த பேட்டு."

நீல கிரிப் சுற்றிய தன் பேட்டைப் பையிலிருந்து உருவி நீட்டினாள். பதினான்கில் நுனி தாழ்ந்தது. பதினெட்டில் முழங்கை நடுங்கியது. இருபதில் கை கீழே வந்துவிட்டது.

"பாத்தீங்களா? என் கையே இந்த லட்சணத்துல இருக்கு" என்றாள். கண் லேசாகக் கலங்கியது.

"செத்த நேரம் இரு. இப்ப இந்த லேசானதப் பிடி."

பிடித்தாள். முப்பது வந்தது. நாற்பதும் வந்தது. பேட் ஆணி அடித்தது போல நின்றது. காளீஸ்வரி எண்ணுவதை நிறுத்திவிட்டுத் தன் கையையே பார்த்தாள்.

ஆவுடையப்பன் அவளுடைய நீல கிரிப் பேட்டைத் தலைகீழாகத் திருப்பினார். அடிக்குமிழில் எதையோ உரித்த இடத்தில், பசை மேல் அழுக்குப் படிந்து வட்டமாக ஒரு தடம் இருந்தது. அதைக் கட்டைவிரலால் தேய்த்தார்.

"இது நம்ம கடைப் பேட்டுதான் தாயி. பொங்கலுக்கு முந்தி ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து ஒரு பொண்ணு வந்து வாங்குச்சு. ஒன் உயரம்தான் இருக்கும். நான்தான் ஸ்டிக்கர உரிச்சு, பூப் போட்ட பேப்பர்ல கட்டிக் கொடுத்தேன்" என்றார். "வந்ததும் வராததுமா அது என்ன கேட்டுச்சு தெரியுமா? 'கனமா இருக்கணும் அண்ணாச்சி. ஆனா பாத்தா தெரியக் கூடாது.'"